தினமும் ஓர் ஈட்டிக்காரன்

ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு செல்போன் ஆட்டத்தில் தெரிந்துகொண்டதுதான். அங்கே மலை உண்டு, நெல் உண்டு, ஊருக்கு ஊர் கோட்டை உண்டு, கோட்டைக்கு ஒரு பிரபு உண்டு. அந்தப் பிரபுவுக்குப் பக்கத்துக் கோட்டையின் மேல் எந்நேரமும் ஒரு கண். எங்கள் ஏரிக்கரைக்காரர்களுக்கு இதில் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் கல்யாணமாகாத பிள்ளைகள் முதல் என்னைப் போல நாற்பதைத் தொட்டவர்கள் வரை அந்த ஆட்டத்தில் போய் விழுந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அவர்கள் ஊர் ஏரிக்கு அக்கரை. படகில் போனால் அரை மணி, பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனால் பாதி நாள். ஒரு பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தவன், சாப்பிட்ட கையோடு என் போனை வாங்கி ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தான்.

"மாமா, மொதல்ல நெல்லப் பெருக்கு. ஆளு அப்பாலிக்கா சேக்கலாம். சோறு இல்லாத ஊட்டுக்கு எவன் சண்ட போட வருவான்?"

அவன் சுபாவம் அது. படகைக் கட்டினால் மூன்று முடிச்சுப் போடுவான், போட்டதையும் இழுத்துப் பார்ப்பான். ஆட்டத்திலும் அப்படியே. அவன் கோட்டை வாசலில் வில்லாளிகள் இல்லாமல் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. தூங்கப் போகும்போதும் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் போனைக் கீழே வைப்பான். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பின்னால் நான் செய்ததற்குச் சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை என்பது இதில்தான் இருக்கிறது.

அப்போது இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே கூட்டணி. நாங்கள் அதை 'செட்டு' என்போம். ஆட்டத்தின் வரைபடத்தில் நடுவே பெரிய சமவெளி ஒன்று இருந்தது. நெல் அங்கேதான் கொழிக்கும். அதைப் பிடித்த கூட்டணிகள் எல்லாம், யார் அறுப்பது என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு உடைந்து போயின. நாங்கள் உடையவில்லை. நாங்கள் பாடு போட்டோம்.

பாடு என்றால், ஏரியில் நாங்கள் காலங்காலமாகச் செய்வதுதான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் இடங்கள் சிலதான் இருக்கின்றன. எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று சீட்டுப் போட்டு முறை வைப்போம். என் முறை வரும் நாள் எனக்கு, மற்ற நாள் நான் கரையில். இதையே ஜப்பானிலும் செய்தோம். ஒருவன் அறுப்பான், மற்றவர்கள் சுற்றி நின்று காவல் காப்பார்கள். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு இது விளங்கவே இல்லை. இவர்களில் ஒருத்தனாவது பேராசைப்பட்டுத் திருடுவான் என்று காத்திருந்து காத்திருந்து அலுத்துப் போனார்கள். எனக்கு அந்த நாட்களில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் ஏரியில் போடும் நிஜப் பாடு முறையில் தகராறு வந்தது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு நீரோட்டம் தள்ளிப் போயிற்று. இறால் ஓடும் இடமும் கூடவே தள்ளிப் போயிற்று. அது எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது என்று எங்கள் ஊர் சொன்னது. இடம் நகர்ந்தாலும் பாடு எங்களுடையதுதான் என்று அவர்கள் ஊர் சொன்னது. முதலில் வாய்ப்பேச்சு, பிறகு வலை அறுப்பு, பிறகு இரண்டு பேருக்கு மண்டை உடைந்து பொன்னேரி ஆஸ்பத்திரி, போலீஸ். அதோடு நின்றிருக்கலாம். ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டார்கள்.

கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, வீட்டுக்கு ஓர் ஆண் வந்து அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். அக்கரை ஊருக்குப் போகக் கூடாது. அங்கிருந்து வருகிறவர்களை வீட்டில் சேர்க்கக் கூடாது. பேசக் கூடாது. போன் கூடாது, மெசேஜ் கூடாது, ஆள் மூலம் சேதி சொல்லி அனுப்பக் கூடாது. பெண் கொடுத்திருந்தாலும் சரி, எடுத்திருந்தாலும் சரி. சாவுக்கு மட்டும் தடையில்லை. மீறினால் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது. சந்தேகம் வந்தால் போனை வாங்கிப் பார்ப்பார்கள். அக்கரையிலும் இதே மாதிரி கற்பூரம் ஏற்றியிருப்பார்கள், சந்தேகமில்லை. எங்கள் இரண்டு ஊருக்கும் இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் ஒற்றுமைக்குக் குறைவே கிடையாது.

நானும் போய்க் கற்பூரத்தின் மேல் அடித்தேன். வீட்டுக்கு வந்தபோது மனைவி வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அடிச்சிட்டு வந்தியா?"

"அடிச்சேன்."

"எங்கம்மாவுக்குப் போன மாசமே மூச்சு வாங்குச்சு. இனிமே எப்டி கீதுன்னு யாரு வந்து சொல்லுவாங்க?"

எங்கள் வீட்டில் எனக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் நான் போனை எடுத்துக்கொள்வேன். அன்றும் எடுத்துக்கொண்டேன்.

கட்டுப்பாடு ஜப்பானுக்கும் வந்தது. எங்கள் செட்டின் தலைவன் போட் இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன், ரோஷக்காரன். அக்கரைக்காரர்களை ஒரே மாலையில் கூட்டணியிலிருந்து தூக்கினான். அவர்கள் தனிச் செட்டு அமைத்துக்கொண்டார்கள். சமவெளி இரண்டாகக் கிழிந்தது. இவ்வளவு நாள் முறை வைத்து அறுத்த வயலில் இருபக்கமும் குதிரைப் படை நின்றது. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வலை அறுபட்டபோதுகூட எனக்கு அவ்வளவு அழுகை வரவில்லை.

பத்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு என் போனில் கொம்பு ஊதியது. யாராவது தாக்க வந்தால் அப்படி ஊதும். பதறிப்போய்ப் பார்த்தால், வருகிறவன் ஒரே ஓர் ஈட்டிக்காரன். வருவது மச்சான் கோட்டையிலிருந்து. என் வாசலில் நின்ற வில்லாளிகள் அவனைத் தொலைவிலேயே சாய்த்துவிட்டார்கள். கை தவறி எதையோ அமுக்கிவிட்டான் என்று சிரித்துக்கொண்டேன். மறுநாள் ஐந்து மணிக்கு மறுபடி கொம்பு, மறுபடி ஒரே ஆள். மூன்றாம் நாள் கொம்புச் சத்தம் கேட்டு மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"இது என் தம்பி கோட்டதானே?"

"ஆமா."

"ஒத்த ஆளா அனுப்பிக்கீறான்?"

"தெனம் இதே வேலயா போச்சு அவனுக்கு. சாவறதுக்குன்னே ஒருத்தன அனுப்புறான்."

அவள் போனை என் கையிலிருந்து வாங்கினாள். அந்த ஆட்டத்தை அதுவரை அவள் தொட்டதுகூட இல்லை. செத்து விழுந்து கிடந்த அந்தத் துளி உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சண்டைக்கி எவனாவது ஒத்த ஆளா வருவானாய்யா? அது பாக்க வருது. அம்மா நல்லா கீதுன்னு சொல்லத்தான் அனுப்புறான். நீயும் ஒருத்தன அனுப்பு. அக்கா நல்லா கீதுன்னு தெரியட்டும்."

அனுப்பினேன். அவன் அரைமணி நேரம் நடந்து போய் மச்சான் வாசலில் செத்தான். அக்கரைக்குப் படகில் போகவும் அதே அரை மணிதான். மறுநாள் ஐந்து மணிக்கு அங்கிருந்து ஒருத்தன் வந்தான், ஐந்தரைக்கு இங்கிருந்து ஒருத்தன் போனான். அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. சத்தியத்தில் பேச்சு இருந்தது, போன் இருந்தது, மெசேஜ் இருந்தது. ஜப்பான் ஈட்டிக்காரனைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. மச்சானும் ஆட்டத்துக்குள் ஒரு வரிகூட எழுதவில்லை, நானும் எழுதவில்லை. கற்பூரத்துக்கு அவ்வளவு பயம் எங்கள் இரண்டு பேருக்கும்.

எங்கள் தலைவன் ஒருநாள் தாக்குதல் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இன்னாண்ணா, அக்கரைலேந்து தெனம் ஒருத்தன் வந்து உன் வாசல்ல சாவறான்?"

"வம்புக்கு அனுப்புறாம்ப்பா. நானும் பதிலுக்கு அனுப்புறேன்."

"மாமன் மச்சான் வெளாட்டா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆடி வந்தது, அவள் அம்மா வீட்டுக் கூழ் இல்லாமல் போயிற்று. தீபாவளி வந்தது, வரிசை இல்லாமல் போயிற்று. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி என்று ஒன்று இருந்தது. அவள் எங்கே இருந்தாலும், தண்ணீர்க் குழாயடியில் இருந்தாலும் அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஆளு வந்தானாய்யா?"

"வந்தான்."

அவ்வளவுதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக வருவாள். ஒருமுறை மழையில் சிக்னல் போய் ஈட்டிக்காரன் தாமதமாக வந்தான். அவன் வரும்வரை அடுப்பே பற்றவைக்கவில்லை.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கொம்பு ஊதவில்லை. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தே கால் ஆயிற்று, வரவில்லை. ஏதோ பழக்கத்தில் நான் என் ஆளை அனுப்பிவைத்தேன். அவன் நடந்தான், வாசலுக்குப் போனான். அங்கே ஒரு வில்லாளிகூட இல்லை. காவல் இல்லாத கோட்டைக்குள் ஒருத்தன் நுழைந்தாலும் போதும், கோட்டை அவனுடையதாகிவிடும். அதுதான் ஆட்டத்தின் சட்டம். மேளம் முழங்கியது. மச்சான் கோட்டையில் என் கொடி ஏறியது.

ஆற்றைக் கடக்கிற இடத்தில் இருந்த கோட்டை அது. சமவெளிக்கு வழி அது ஒன்றுதான். எங்கள் செட்டு மாதக்கணக்காக மோதியும் அசையாதது. அடுத்த நிமிஷம் என் போன் விடாமல் அடிக்கத் தொடங்கியது. தலைவன் தொண்டை கிழியக் கத்தினான். "யண்ணோவ்! ஒத்த ஆள வெச்சுக் கோட்டயப் புடிச்சிட்டியே! இன்னா மூளண்ணா உனக்கு! தெனம் ஒருத்தன அனுப்பி அனுப்பி, அவன அசர வெச்சு அடிச்சிட்டே!"

நான் மறுக்கவில்லை. "ஆமாம்ப்பா, அசருவான்னு காத்துக்கினு இருந்தேன்" என்றேன். அந்த வார்த்தையை என் வாயாலேயே சொன்னேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேதான் அவள் குழாயடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஆளு வந்தானாய்யா?"

"வந்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்று சொன்னால் அவள் முகம் மாறும். கோட்டையைப் பிடித்ததைச் சொல்ல வேண்டிவரும். அப்புறம் "போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்பாள். போனால் பாடு போகும். அதற்கு முந்தைய வாரம்தான் சீட்டில் எனக்கு நல்ல முறை விழுந்திருந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. மூன்று முடிச்சுப் போடுகிறவன் வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போகமாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஏதோ ஆகியிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் அதைப் பேசவிடவில்லை. அவன் அசந்துவிட்டான் என்று நம்புவதற்கு எனக்கு ஆசையாக இருந்தது. ஊரில் ஒரு மனுஷனாக என்னை யாரும் அதுவரை கொண்டாடியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எனக்கு உட்கார இடம் விட்டார்கள். கரையில் வலை உலர்த்துகிற பிள்ளைகள் என்னைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். ஒற்றை ஆளை வைத்துப் பிடித்தவன் என்று அர்த்தம். நானும் பதிலுக்கு விரலைத் தூக்கிக் காட்டினேன். அன்று சாயங்காலமும் அவள் கேட்டாள், நானும் வந்தான் என்றேன். இனி எங்கிருந்து வருவான்? அவன் கோட்டையிலேயே என் கொடிதானே பறக்கிறது. கொம்புச் சத்தம் கேட்கவில்லையே என்று திங்கட்கிழமை கேட்டாள். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். செவ்வாய்க்கிழமையும் வந்தான் என்றேன். நாலு சாயங்காலம், நாலு பொய்.

புதன்கிழமை விடிந்ததும் ஊர்த் தலைவரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கரைலேந்து சேதி சொல்லிக்கிறாங்க. உன் மாமியார் ராவு தவறிட்டாங்களாம். சாவுக்குத் தடையில்ல, போய்ட்டு வாங்க. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும்."

அவள் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நேத்துகூட ஆளு வந்தானே" என்றாள். அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, அவள் தனக்குத்தானே கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேற்று நன்றாக இருந்த அம்மா ராத்திரி திடீரென்று போய்விட்டாள் போலிருக்கிறது என்று அவளாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான் இன்ஜினைப் படகில் மாட்டினேன். அரைமணி நேரத்தில் அக்கரை வந்துவிட்டது. அந்த அரைமணி எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் பாடு வரும் நாளில் ஏரியில் அதைவிட அதிக நேரம் சும்மாவே நின்றிருப்பேன்.

மாமியாரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மனைவி போய் மேலே விழுந்து அழுதாள். வாடி உதிர்ந்துபோன முகம் அது. ஒரே ராத்திரியில் போன முகம் இல்லை என்று பார்த்தவுடனே யாருக்கும் தெரியும். மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றான். தாடி நாலு நாளாக வளர்ந்திருந்தது. அவன் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சனிக்கெழம காலைல கை கால் இழுத்துக்கிச்சு மாமா. பேச்சு நின்னு போச்சு. மூணு நாளோ நாலு நாளோன்னு டாக்டர் சொல்லி ஊட்டுக்கு அனுப்பிட்டாரு. சாவு வுழாம சேதி சொல்லக் கூடாதுன்னு ஊர்ல கண்டிசனா சொல்ட்டாங்க. அன்னிக்கிகூட சாயங்காலம் ஆனது அம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சுது. ஒத்த வெரலத் தூக்கிக் காட்டுச்சு. ஆளு வந்தானான்னு."

அழுகைக்கு நடுவில் அவள் தலையைத் தூக்கினாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனான்.

"எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரில மாமா. வாசல்ல ஒரு ஆளு வுடாம எல்லாரையும் எடுத்துட்டுக் கதவத் தொறந்து வெச்சேன். நான் அப்டி வெக்க மாட்டேன்னு உனக்குத் தெரியுமே. பாத்தவொடனே நீ அக்காவ இட்டுக்கினு வந்துடுவேன்னு நெனச்சேன். உன் ஆளு உள்ள வந்தான். அம்மா காதுல போய்ச் சொன்னேன். 'வந்துட்டாம்மா, உள்ளயே வந்துட்டான், அக்காவும் வந்துடும்'னு. அதுக்கப்புறம் வெரலத் தூக்கவே இல்ல. வாசலப் பாத்துக்கினே இருந்துச்சு."

பிரேதத்தை எடுக்கும்வரை ஒரு மூலையில் நின்றேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் என்னைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார்கள். ஒற்றை ஆளை வைத்துக் கோட்டையைப் பிடித்தவன் இவன்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும் என்பதால் நாலரைக்குப் படகை எடுத்தேன். அவள் படகின் முனையில் அக்கரையைப் பார்த்தபடி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பாதி ஏரி வந்ததும் திரும்பினாள். அழுது ஓய்ந்த முகம். சண்டை போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன், தயாராகக்கூட இருந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நாலு நாளும் வந்தான் வந்தான்னு சொன்னியே. யாருய்யா வந்தான்?"

இன்ஜின் சத்தத்தில் கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். கரைக்கு வந்தபோது மணி ஐந்து. அவள் படகிலிருந்து இறங்கி, குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனாள். நான் வீட்டு வாசலில் நின்று காத்திருந்தேன். தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அங்கிருந்து அவள் குரல் வரவில்லை.

தை பிறந்ததும் இரண்டு ஊரும் சமாதானமாகிவிட்டன. புது இடத்துக்கும் பாடு போட்டாகிவிட்டது, என் முறையும் தவறாமல் வருகிறது. செட்டுகூட மறுபடி ஒன்றாகிவிட்டதாம். அவள் தம்பியோடு தினமும் போனில் பேசுகிறாள். என்னோடும் பேசுகிறாள், சோறு போடுகிறாள், வலை பிரிக்கிறாள், எதற்கும் குறை வைப்பதில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் என்னை எதுவும் கேட்பதில்லை.